போர்வையில் ஏறிய சிவப்புச் சாயமும் தொட்டி தொட்டியாக வெந்நீரும்

அக்கா மாதக்கணக்கில் உட்கார்ந்து கையால் தைத்த ஒட்டுத்துணிப் போர்வை அது. வெள்ளையும் அடர்சிவப்பும் மாறி மாறி வரும் கட்டங்கள். சலவைக்குக் கொடுத்தபோது ‘தனியாக அலசவும், தண்ணீர் நிறைய விடவும்’ என்று சீட்டிலேயே எழுதி வாங்கியிருந்தேன். எடுக்கப் போனால், சிவப்பை ஒட்டியிருந்த வெள்ளைக் கட்டங்கள் எல்லாம் ரோஜா நிறம். ஈரம்கூட முழுதாகக் காயவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்தவர், “ஒரு தடவை இஸ்திரி போட்டால் தெரியாது மேடம்” என்று பெட்டியைச் சூடாக்கப் போனார். பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன். சீட்டின் பின்பக்கம் ‘சாயம் போனால் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று அச்சடித்திருப்பதைக் காட்டுவதில்தான் அவருக்கு அக்கறை.

நீங்கள் இதே நிலையில் இருந்தால் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்: இஸ்திரிப் பெட்டியும் உலர்த்தும் இயந்திரமும் அந்தத் துணியின் பக்கமே வரக் கூடாது. காய்ந்த கறையும் பல நேரம் போகும் என்றாலும், ஈரத்தோடு இருக்கும்போது பாதி வேலை மிச்சம். அக்காவும் தொலைபேசியில் முதலில் சொன்னது அதையே: “காயவிடாதே. மடித்தும் வைக்காதே, மறுபக்கமும் ஒட்டிக்கொள்ளும்.”

அதற்குள் வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். உப்புத் தண்ணீரில் ஊறவை என்றார் அத்தை. வினிகர் ஊற்று என்றார் அண்ணி. இரண்டுமே பருத்திக்கு உதவாது. சாயப்பட்டறையில் உப்புப் போடுவதே சாயம் நூலில் நன்றாக ஏறட்டும் என்பதற்காகத்தான். கறையை எடுக்க வந்த இடத்தில் அதையே கொட்டி என்ன பயன்? வினிகரின் அமிலம், பட்டுக்கும் கம்பளிக்கும் போடும் சாயங்களோடு தொடர்புடையது. குளோரின் பிளீச் போடச் சொன்னவரோடு நான் வாதாடவே இல்லை. அது கறையோடு சேர்த்து அக்காவின் சிவப்பையும் வெளிறடித்து, நூலையும் அரித்துவிடும்.

நடந்தது என்னவென்றால், அந்தச் சிவப்புத் துணியில் நூலோடு சேராத மிச்சச் சாயம் இருந்திருக்கிறது. இயந்திரம் கொஞ்சத் தண்ணீரில் சுழற்றியதால் கரைந்த சாயம் போக இடமின்றி வெள்ளையில் உட்கார்ந்துவிட்டது. அப்படியானால் தேவை மூன்றுதான்: நிறைய தண்ணீர், நல்ல சூடு, சாயத்தைத் தண்ணீரிலேயே பிடித்து வைத்திருக்கும் சோப்பு. இவற்றில் எதைக் குறைத்தாலும் சாயம் திரும்பத் துணிக்கே வரும்.

சூடு வைப்பதற்கு முன் உள்ளே என்ன பஞ்சு என்று கேட்டுவிடுங்கள். கம்பளி அடுக்கு என்றால் வெந்நீரில் சுருங்கிப் போர்வையே கோணிவிடும். எங்களுடையது முழுக்கப் பருத்தி. குளியல் தொட்டி நிறைய 60 டிகிரிக்குக் குறையாத வெந்நீர், அதில் நிறமில்லாத பாத்திரம் கழுவும் திரவ சோப்பு தாராளமாக. கையுறை போட்டுக்கொண்டுதான் போர்வையை அமுக்கினேன். கொஞ்ச நேரத்திலேயே தொட்டி செம்பருத்திச் சாறு போல ஆனது. பயந்துவிடாதீர்கள், அது நல்ல சகுனம்.

தொல்லை கொடுத்தது ஒரு மூலை. உள்ளே காற்று அடைத்துக்கொண்டு தண்ணீருக்கு மேலே எழும்பி நின்றது. காலையில் பார்த்தால், துணி வழியாக மேலேறிய சாயம் அந்த மேட்டின் விளிம்பில் கோடு கட்டியிருந்தது, சலவைக் கடைக் கறையைவிட அழுத்தமாக. எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது. அடுத்த ஊறலில் வெள்ளைத் துண்டு ஒன்றை மேலே விரித்து, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் புட்டிகளைப் பாரமாக வைத்தேன். போர்வை முழுவதும் மூழ்கியிருக்க வேண்டும், ஒரு விரற்கடைகூட வெளியே தெரியக் கூடாது. 12 மணி நேரம் அப்படியே விட்டதும் அந்தக் கோடு கரைந்திருந்தது. ஊறும்போது தண்ணீர் ஆறிப்போவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், சூட்டில் கரைந்த சாயத்தைச் சோப்பு பிடித்து வைத்திருக்கும்.

பிறகு வடிப்பதும் நிரப்புவதும்தான். தொட்டியில் பார்த்தால் நிறம் சரியாகத் தெரியாது. ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து வெள்ளைத் தாளின் முன் பிடித்துப் பாருங்கள். இளஞ்சிவப்பு துளி தெரிந்தாலும் இன்னொரு முறை. பொறுமை போய் இடையில் நிறுத்தினால் அடுத்த சலவையில் பழைய கதைதான். தம்ளர் தெளிந்த பிறகே வெறுந்தண்ணீரில் அலசினேன்.

எடுக்கும்போது ஒற்றை முனையைப் பிடித்துத் தூக்காதீர்கள். நனைந்த போர்வையின் கனத்தில் கைத்தையல் அறுந்துவிடும். நான் தண்ணீரை வடித்துவிட்டு, அடியில் பழைய வேட்டியை நுழைத்து, இருவராகத் தொட்டில் போல ஏந்தி வெளியே எடுத்தோம். முறுக்கிப் பிழியாமல் துண்டுகளுக்கு நடுவே வைத்து அமுக்கி, நிழலில் தட்டையாக விரித்துக் காயவைத்தோம்.

கட்டங்கள் வெள்ளையாகிவிட்டன. பின்பக்கத்தில் ஒரு தையல் ஓரம் மட்டும் லேசாக மங்கியிருக்கிறது. நான் காட்டும்வரை அக்காவுக்கே தெரியவில்லை. அவரிடம் மீதமிருந்த சிவப்புத் துணியில் ஒரு துண்டை வெந்நீரில் போட்டுப் பார்த்தோம். தம்ளர் உடனே சிவந்தது. அடுத்த போர்வைக்கு வெட்டி வைத்திருந்த துண்டுகள் எல்லாம் இப்போது அதே சோப்புத் தண்ணீரில் கிடக்கின்றன.