பாஸ் வாங்குமுன் நாள் கணக்கைப் பாருங்கள்

வெளிநாட்டுப் பனிச்சறுக்குப் பயணத்துக்கு ஒரே சீசனில் பல மலைகளில் சறுக்க அனுமதிக்கும் எபிக், ஐகான் போன்ற பாஸ் வாங்குபவர்கள் எத்தனை மலைகள் என்றுதான் முதலில் எண்ணுகிறார்கள். நான் பார்ப்பது நாள் கணக்கை. ஜப்பானின் ஹகுபாவில் எபிக் பாஸ் தருவது 5 நாள். ஆனால் தொடர்ச்சியாக 5 நாள். கால் வலிக்கிறதே என்று நடுவில் ஓய்வெடுத்தால் அந்த நாள் போனதுதான். முழு ஐகான் பாஸில் ஜப்பானிலேயே உள்ள நிசெக்கோ மலைக்கு 7 நாள், விட்டு விட்டும் போகலாம். ஜனவரியில் அங்கே பலத்த காற்று கிளம்பினால் மேல் லிஃப்டுகளை நிறுத்திவிடுவார்கள். அன்று பேசாமல் அறையிலேயே இருந்துவிட்டு, மறுநாள் முழங்கால் அளவு புதுப்பனியில் இறங்குவேன். அந்த நிம்மதிக்காகவே எனக்கு ஐகான் பிடிக்கும். அப்புறம், இரண்டு பாஸுமே பனிக்காலத்துக்கு முந்தைய வசந்த காலத்தில் வாங்கினால்தான் மலிவு. பனி விழட்டும், பார்க்கலாம் என்று காத்திருந்தால் வழக்கமாக டிசம்பரிலேயே விற்பனை முடிந்துவிடும்.