எட்டில் ஆறு

ஜூலை 5, செங்கோட்டை

ஜேன் ஆஸ்டினின் 'பெர்சுவேஷன்' என்ற ஆங்கில நாவலைத் தொடங்கினேன். மைனியும் ஆரியங்காவில் இதையேதான் படிக்கிறார். பிரிந்த காதலர்கள் மறுபடி சேரும் கதை என்றால் எனக்குக் கொஞ்சம் பயம். பார்த்ததும் கண்ணீர், அடுத்த பக்கத்தில் மன்னிப்பு என்று முடித்துவிடுவார்கள். இதில் அந்த அவசரம் இல்லை.

ஆன் எலியட்டுக்கு 27 வயது. 1806இல் வெண்ட்வொர்த் என்ற கடற்படை அதிகாரியைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தவள். அவனிடம் அப்போது காசு இல்லை. தாயில்லாத பெண்ணுக்குத் தாய் ஸ்தானத்தில் இருந்த லேடி ரஸ்ஸல் எடுத்துச் சொல்ல, அவள் முறித்துக்கொண்டாள். எட்டு வருஷம் கழித்து அவன் கேப்டனாக, வசதியோடு அதே பக்கம் வருகிறான்.

எட்டு வருஷம் என்றால் என்ன என்று எங்கள் ஊருக்குத் தெரியும். 2010இல் புனலூர் பாதையில் மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். அகலப்பாதை முழுசாகத் திறந்தது 2018இல். நிறுத்தியபோது பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் கல்யாணம் முடிந்து கைக்குழந்தையோடு ரயிலேறினார்கள்.

ஜூலை 8

மைனி போனில் கொதித்தார். "நல்லது சொல்றேன்னு வந்து ஒரு பிள்ளையோட வாழ்க்கையையே கெடுத்துட்டாளே அந்த ரஸ்ஸல்!"

"முழுசாப் படிங்க மைனி" என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 9

இன்று படித்த ஓர் இடம் மனசை விட்டுப் போகவில்லை.

அடிபட்டுப் படுத்திருக்கும் குழந்தையின் பக்கத்தில் ஆன் மண்டியிட்டிருக்கிறாள். அவன் தம்பி, ரெண்டு வயசுப் பொடியன், அவள் முதுகில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறான். அறையில் இருக்கும் இன்னொரு ஆள் அதட்டுவதோடு சரி, எழுந்து வரவில்லை. திடீரென்று பாரம் குறைகிறது. யாரோ அந்தச் சின்னக் கைகளைப் பிரித்துப் பிள்ளையைத் தூக்கிவிட்டார்கள். வெண்ட்வொர்த்! அவளுக்கு வாய் எழவில்லை. அவனும், அவள் நன்றி காதில் விழுந்துவிடக் கூடாதென்றே, பிள்ளையோடு சத்தம் போட்டு விளையாடுகிறான்.

"ஆளே மாறிவிட்டாள், அடையாளம் தெரியவில்லை" என்று வந்த புதிதில் சொன்னவன் இவன்தான். அந்தப் பேச்சு அவள் காதுக்கும் வந்துசேர்ந்தது. கோபம் ஆறவில்லை. ஆனாலும் அவள் கஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவனால் முடியவில்லை. பழைய காதலை இதைவிட நன்றாக யாரால் காட்ட முடியும்?

ஜூலை 11

லைம் கடற்கரையில், வெண்ட்வொர்த்தோடு நெருங்கிப் பழகும் லூயிசா குதித்து விழுந்து மூச்சுப் பேச்சில்லாமல் கிடக்கிறாள். எனக்கு ஒட்டவில்லை, சீக்கிரம் தாண்டிவிட்டேன்.

ஜூலை 13

முடித்துவிட்டேன். கடைசியில் வெண்ட்வொர்த்தின் அந்தக் கடிதம்!

ஆஸ்டின் முதலில் வேறு முடிவு எழுதியிருந்தார். அதில் வெண்ட்வொர்த்தின் அக்கா கணவர் அட்மிரல் கிராஃப்ட், ஆனிடம் ஒரு விஷயம் கேட்டுவரச் சொல்லி அவனை அனுப்ப, அந்தச் சாக்கில் இருவரும் ஓர் அறையில் தனியே நிற்கிறார்கள், சேர்கிறார்கள். 1816 ஜூலையில் எழுதிய அதை அவருக்கே பிடிக்காமல் ஆகஸ்டுக்குள் மாற்றினார். அடுத்த வருஷம் 41 வயதில் இறந்துபோனார். புத்தகம் அதற்கப்புறம்தான் வந்தது. அந்த வேண்டாத பக்கங்கள் அவர் கையெழுத்திலேயே பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

மாற்றி எழுதியதில் தூது கிடையாது. நம்பிக்கையே போன பிறகும் பெண்ணின் அன்பு நிற்கும் என்று ஆன் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பக்கத்து மேஜையில் எழுதிக்கொண்டிருந்த வெண்ட்வொர்த்தின் பேனா கீழே விழுகிறது. கேட்டுக்கொண்டே அவளுக்குக் கடிதம் எழுதிவிடுகிறான். முன்பு ஒருத்தர் பேச்சால் பிரிந்தவர்களை இன்னொருத்தர் தயவால் சேர்த்துவைத்தால் எப்படி? இவர்களே வாய் திறந்ததுதான் நியாயம்.

ஜூலை 14

மைனியும் முடித்துவிட்டார். ரஸ்ஸல் மேல் கோபம் மட்டும் தீரவில்லை. அவர் கவனிக்காமல் விட்ட ஓர் இடத்தைப் போனில் வாசித்துக் காட்டினேன். 1808இல் கையில் கொஞ்சம் பணமும் லக்கோனியா கப்பலும் கிடைத்தபோதே நான் எழுதியிருந்தால் சம்மதித்திருப்பாயா என்று வெண்ட்வொர்த் கேட்கிறான். சம்மதித்திருப்பாள். எழுதவிடாமல் தடுத்தது தன் வீம்புதான் என்று அவனே ஒத்துக்கொள்கிறான். அப்போ எட்டில் ஆறு வருஷம் அவன் தலையில்தானே?

"ஆனே சொல்றாளே மைனி, அந்த யோசனை தப்பு, ஆனா நான் கேட்டு நடந்தது சரின்னு. மிச்ச ரெண்டையும் விட்டுருங்க."

"ஆறு அவனுக்கு, சரி. அந்த ரெண்டை நான் விடமாட்டேன்."