டெக் லாக்கும் எம்.இ.எல்.லும்: விமானி வேலைக்குப் படிக்கிறவர்களுக்கு

டைப் ரேட்டிங் (ஒரு குறிப்பிட்ட விமான வகையை ஓட்டத் தகுதி பெறும்) வகுப்புக்குப் போகிற தம்பி தங்கைகள் ஹைட்ராலிக்ஸ், எலக்ட்ரிக்கல் என்று விடிய விடியப் படிக்கிறார்கள். விமானத்தின் குறைகளை எழுதிவைக்கும் டெக்னிக்கல் லாக் (டெக் லாக்), குறையைச் சரிசெய்வதைத் தள்ளிவைக்கும் எம்.இ.எல். நடைமுறை என்று வந்தால் மட்டும் "அது பேப்பர் வேலைதானே அண்ணா" என்று கடைசி நாளுக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். நான் பார்த்தவரை நேர்முகத்தில் ஆட்களைத் திணறவைப்பது இதுதான். இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ-வின் ஏர் ரெகுலேஷன்ஸ் தாளில் 70 சதவீதம் வாங்கினால் தேறலாம், அதற்கு வினாவங்கி கைகொடுக்கும். எதிரே உட்கார்ந்திருக்கிற கேப்டன் ஒரு லாக் பக்கத்தை நீட்டி, "இந்த விமானத்தை எடுப்பீங்களா?" என்று கேட்கும்போது வினாவங்கி கைவிட்டுவிடும்.

நான் இதைப் பெரும்பாலும் மதுரை நத்தம் சாலையில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்துதான் படித்தேன். ஏசி உண்டு, யாரும் பேச மாட்டார்கள், வேறென்ன வேண்டும். முதல் வேலையாக ஒரு வெற்று லாக் பக்கத்தைக் கையால் வரைந்துகொண்டேன். விமானப் பதிவெண், புறப்படும் இடம், சேரும் இடம், நகர்ந்த நேரம், மேலெழுந்த நேரம், இறங்கிய நேரம், மிச்ச எரிபொருள், ஏற்றிய எரிபொருள், ஆயில், விமானி எழுதும் குறை, எதிரே பொறியாளரின் நடவடிக்கை, அவருடைய சான்றுக் கையெழுத்து, கடைசியில் கேப்டனின் ஏற்புக் கையெழுத்து. மதுரை–சென்னை என்று நாமே கற்பனையாகப் பத்துப் பக்கம் நிரப்பிப் பார்த்தால் எந்தக் கட்டம் யாருடையது என்று மனதில் தங்கிவிடும். குறை எதுவும் இல்லாவிட்டாலும் அந்தக் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது, 'NIL' (எதுவும் இல்லை) என்று எழுத வேண்டும். புறப்படும் முன் ஒரு பிரதி தரையில் தங்கும். இதெல்லாம் ஒரு சாயங்காலத்துப் படிப்பு.

நேரம் எடுப்பது குறையை எழுதப் பழகுவதுதான். என் தாய்மாமா அரசுப் பேருந்து ஓட்டுநர், பைபாஸ் ரோட்டு டெப்போவில் வண்டியை விடுகிறவர். நான் படிப்பதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது எந்தக் கையேட்டிலும் இல்லை: "பிரேக் சரியில்லைன்னு மொட்டையா எழுதி வச்சா மெக்கானிக் அண்ணன் என்ன செய்வாரு மாப்ள? ஒரு பக்கம் இழுக்குதா, எறக்கத்துல பிடிக்கலையா, மழையில மட்டுந்தானா, அதை எழுதணும்." விமானத்துக்கும் இதுதான். 'ரேடியோ வேலை செய்யவில்லை' என்று எழுதினால் பொறியாளர் தரையில் சோதித்துப் பார்த்து, சரியாகத்தான் இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவார். குறை அடுத்த ஊரில் திரும்ப வரும். எந்தப் பெட்டி, அனுப்புவதிலா வாங்குவதிலா, எந்த உயரத்தில், ஏறும்போதா இறங்கும்போதா, திரையில் வந்த செய்தி எழுத்துப் பிசகாமல் என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், செய்த பிறகு என்ன ஆனது, இவ்வளவும் வேண்டும். இன்ன பாகம் போய்விட்டது என்று நாமே தீர்ப்பு எழுத வேண்டாம். கண்டதை எழுதினால் போதும், காரணம் தேடுவது அவர்கள் தொழில்.

இது ஏதோ அழகுக்காகச் சொல்வது என்று நினைத்தால் லயன் ஏர் 610 விசாரணை அறிக்கையைப் படியுங்கள். 2018 அக்டோபர் 29-ல் ஜகார்த்தாவில் இருந்து கிளம்பிய அந்த 737 மேக்ஸ் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். முந்தைய இரவு டென்பசாரில் இருந்து அதே விமானத்தை ஓட்டி வந்தவர்களுக்கும் அதே தொல்லை வந்திருந்தது. கைப்பிடி அதிர்ந்துகொண்டே இருந்தது, மூக்கு கீழே இழுத்தது, மூக்கை ஏற்றி இறக்கும் டிரிம் மோட்டாரின் சுவிட்சுகளைத் துண்டித்துத்தான் வந்து சேர்ந்தார்கள். லாக்கில் வேகம், உயரம் காட்டும் கருவிகள் முரண்படுவதையும் ஒரு எச்சரிக்கை விளக்கையும் எழுதினார்கள். கைப்பிடி அதிர்ந்ததும் டிரிம்மைத் துண்டித்ததும் பதிவாகவில்லை. பொறியாளர் எழுதப்பட்டதற்கு மட்டும் வைத்தியம் பார்த்தார். அந்த விபத்துக்குக் காரணங்கள் பல, மூக்கைத் தானாகக் கீழே தள்ளும் எம்காஸ் மென்பொருளின் வடிவமைப்புத்தான் பெரிது. ஆனாலும் லாக் பாடத்துக்கு இதைவிடக் கனமான உதாரணம் எனக்குத் தெரியாது.

அப்புறம் எம்.இ.எல். மினிமம் எக்விப்மென்ட் லிஸ்ட் என்பதன் சுருக்கம். எந்தெந்தக் கருவி வேலை செய்யாதபோதும் பறக்கலாம், எந்த நிபந்தனையோடு, எத்தனை நாள் என்று சொல்லும் பட்டியல். தயாரிப்பாளர் தரப்பில் ஒரு மாஸ்டர் பட்டியல் இருக்கும். நிறுவனம் அதைவிடக் கடுமையாகத் தன் பட்டியலை வைத்துக்கொள்ளலாம், தளர்த்தக்கூடாது. ஏ320, ஏடிஆர் 72 உட்படப் பல விமானங்களின் மாஸ்டர் பட்டியலை அமெரிக்க விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பழக அது போதும். வேலையில் சேர்ந்ததும் உங்கள் நிறுவனத்துப் பட்டியல் மட்டும்தான் செல்லும்.

குறையை எத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்பதைப் பட்டியலில் ஒரு வகை எழுத்து சொல்லும்: பி என்றால் 3 நாள், சி என்றால் 10, டி என்றால் 120, ஏ என்றால் குறிப்பில் சொன்னபடி. இதை எல்லோரும் ஒப்பிப்பார்கள். தேர்வில் வழுக்குகிற இடம் எண்ணத் தொடங்கும் நாள். குறை கண்ட நாள் கணக்கில் சேராது. திங்கள் மாலை 3 மணிக்குக் கண்ட பி வகைக் குறைக்கு வியாழன் நள்ளிரவு வரை நேரம் உண்டு. சரி, செவ்வாய் அதிகாலை 2 மணிக்கு மதுரையில் இறங்கிக் குறை எழுதினால்? லாக் நேரம் யூடிசி (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) என்றால் அங்கே இன்னும் திங்கள் இரவு 8.30 தான். அந்தக் கணக்கில் வியாழன் யூடிசி நள்ளிரவு, அதாவது நம்மூர் வெள்ளி காலை ஐந்தரையோடு முடிந்தது. உள்ளூர் நேரத்தில் எண்ணுகிற நிறுவனம் என்றால் வெள்ளி நள்ளிரவு வரை போகும். பதினெட்டரை மணி நேர வித்தியாசம்! எதில் எண்ணுவது என்பது பட்டியலின் முன்னுரையில் இருக்கும். அந்த முன்னுரையை யாரும் படிப்பதில்லை. கேள்வி கேட்பவருக்கு அது நன்றாகத் தெரியும்.

குறிப்புப் பத்தியில் 'ஓ' இருந்தால் விமானிகள் செய்ய வேண்டியது ஏதோ இருக்கிறது, 'எம்' இருந்தால் பராமரிப்பு வேலை. 'எம்' வேலை முடிந்து கையெழுத்து ஆகாமல் குறை தள்ளிவைக்கப்பட்டதாக ஆகாது. வெளிப்புற மூடி, சீல் போன்ற துண்டு காணாமல் போயிருந்தால் எம்.இ.எல்.லில் தேடாதீர்கள், அதற்கு சி.டி.எல். (கான்ஃபிகரேஷன் டீவியேஷன் லிஸ்ட்) என்று தனிப் பட்டியல். மேலெழும் நோக்கத்தோடு விமானம் சொந்த விசையில் நகரத் தொடங்கிவிட்டால் எம்.இ.எல். ஆட்சி முடிந்தது, அவசரச் செக்லிஸ்ட் பேசும். ஆனாலும் டாக்ஸி செய்யும்போது, அதாவது தரையில் ஓடுபாதையை நோக்கி நகரும்போது, ஏதாவது கெட்டுப்போனால், பறக்கலாமா திரும்பலாமா என்று முடிவெடுக்க எம்.இ.எல்.லையும் புரட்டிப் பார்ப்பதுதான் புத்தி.

பட்டியலில் இருக்கிறது என்பதற்காக யோசிப்பதை நிறுத்திவிடாதீர்கள். 2008 ஆகஸ்ட் 20, மாட்ரிட். ஸ்பானேரின் எம்டி-82 ஓடுபாதை வரை போய்த் திரும்பி வந்தது, வெளிவெப்பம் அளக்கும் முனை தரையிலேயே சூடேறியதால். அந்த முனையின் ஹீட்டர் வேலை செய்யாமல் பறக்கப் பட்டியல் அனுமதித்தது. ஹீட்டரின் மின்சாரத்தைத் துண்டித்து அனுப்பினார்கள். இரண்டாவது முறை இறக்கையின் ஃபிளாப் விரிக்காமல் கிளம்பினார்கள், எச்சரிக்கும் ஒலி வரவில்லை, 154 பேர் இறந்தார்கள். விமானம் தரையில் இருக்கிறதா வானில் இருக்கிறதா என்று சொல்லும் ஒரே ரிலே (மின் சுவிட்ச்) ஹீட்டருக்கும் எச்சரிக்கை ஒலிக்கும் பொது என்பதால் விசாரணையின் சந்தேகம் அங்கே போனது. தரையில் சூடேறக்கூடாத ஒன்று ஏன் சூடேறுகிறது என்பதுதான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பட்டியலில் அந்தக் கேள்வி இருக்காது. நேர்முகத்தில் இதைச் சொன்ன பிறகு என்னிடம் கேட்ட கேள்விகளின் தொனியே மாறியது.

பழைய பக்கங்களையும் புரட்டுங்கள். ஒரே குறை திரும்பத் திரும்ப வருவது தனி நோய். 2014-ல் ஜாவா கடலில் விழுந்த ஏர் ஏசியா ஏ320-ல் வால் சுக்கான் எவ்வளவு திரும்பலாம் என்று கட்டுப்படுத்தும் கருவியின் குறை அதற்கு முந்தைய 12 மாதத்தில் 23 தடவை பதிவாகியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அது தனித்தனியாகத் தீர்க்கப்பட்டதாக இருந்தது.

அந்த "எடுப்பீங்களா?" கேள்விக்கு வருவோம். தள்ளிவைத்த குறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாம் சட்டப்படி சரியாகவே இருக்கும். சேர்த்துப் பார்க்க வேண்டும், போகிற ஊரோடும் வானிலையோடும் பார்க்க வேண்டும். ஏபியு (தரையில் மின்சாரமும் இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் காற்றும் தரும் சிறு இன்ஜின்) வேலை செய்யாத ஏ320 என்றால் சேருமிடத்தில் தரை மின்சாரமும் காற்று ஸ்டார்ட்டரும் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். சில விமானங்களில் ஆன்டி-ஸ்கிட் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிச் சறுக்காமல் தடுப்பது) இல்லாமலும் பறக்கலாம், எடைக் கட்டுப்பாட்டோடு. ஐப்பசி மழையில் மதுரையின் 7,500 அடி ஓடுபாதை நனைந்து கிடக்கும்போது அந்தக் கட்டுப்பாடு எத்தனை பயணிகளை இறக்கச் சொல்லும் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். முடிவு 'எடுப்பேன்' என்றாலும் 'மாட்டேன்' என்றாலும் அந்தக் கணக்கைத்தான் பார்ப்பார்கள். கேப்டன் மறுக்கலாம் என்பதையும் சொல்லுங்கள், பட்டியல் அனுமதிக்கிறதே என்று யாரும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

இன்னொன்று, எழுத்துத் தேர்வில் மாதிரிப் பக்கம் நிரப்பச் சொன்னால் ஒயிட்னர் பக்கமே போகாதீர்கள். தப்பான வரியை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, கீழே புதிதாக எழுதுங்கள். அடித்தது படிக்கிற மாதிரி இருக்க வேண்டும்.