தை அமாவாசைக்கு மறுநாள் ராத்திரி, உப்பளக் கரையில்

திருத்துறைப்பூண்டியில் இறக்கிவிட்ட கண்டக்டர் மேல் இன்னும் கோபம் தீரவில்லை. தஞ்சாவூரில் ஏறும்போதே "வேதாரண்யம் போகுமா?" என்று இரண்டு தடவை கேட்டேன். "ஏறுங்க, ஏறுங்க" என்றார். திருத்துறைப்பூண்டி வந்ததும் "வண்டி இதோட சரி, பின்னால வர்றதுல போயிக்கங்க" என்று கையைக் காட்டிவிட்டார். பின்னால் வந்தது முக்கால் மணி நேரம் கழித்து, அதுவும் படி வரைக்கும் கூட்டம். மீட்டர் இருந்த பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேதாரண்யம் வரை நின்றேன்.

அந்த மீட்டருக்காகத்தான் பயணமே. ராத்திரி வானத்தில் எவ்வளவு வெளிச்சம் கலந்திருக்கிறது என்று அளக்கிற கருவி. பெயர் ஸ்கை குவாலிட்டி மீட்டர். கனடாவிலிருந்து வரவழைத்தால் 10,000 ரூபாய்க்கு மேல் போகும், எனக்குக் கட்டுப்படியாகாது. நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும். தலைக்கு நேர் மேலே காட்டிப் பொத்தானை அழுத்தினால் சிவப்பு எழுத்தில் எண் வரும். எண் கூடினால் இருட்டு கூடுதல். விளக்கே எட்டாத வானத்தில் 22ஐ ஒட்டி வரும். 5 எண் வித்தியாசம் என்றால் வெளிச்சத்தில் 100 மடங்கு வித்தியாசம். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 18.4.

வழி, செலவு, சாப்பாடு, இடம் என்று வரிசையாகச் சொல்கிறேன். வழி சொல்லியாயிற்று. செலவில் ஆட்டோவைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கோடிக்கரையில் அளக்கலாம், நிலா இருக்காதே என்று அமாவாசையாகப் பார்த்துத் தேதி குறித்தேன். தை அமாவாசைக்குக் கோடிக்கரையில் கடலாட ஊர் ஊராக ஜனம் வரும் என்பது உறைக்கவே இல்லை. "இன்னைக்கு ஸ்பெஷல் ரேட்டு சார்" என்று 900 கேட்டு, கடைசியில் போக வர 700க்கு வந்தார் ஆட்டோக்காரர். பதினோரு கிலோமீட்டர் சொச்சத்துக்கு இது கொள்ளை. போய் இறங்கினால் கடைகளிலும் வேன்களிலும் வெள்ளை விளக்கு. மீட்டர் 20ஐத் தாண்டவில்லை. சரணாலயக் காட்டுக்குள் ராத்திரியில் போகக் கூடாது, போகவும் மனமில்லை. திரும்பிவிட்டேன்.

மறுநாள் மதியம் சாப்பிட்ட கொடுவா மீன் குழம்புதான் அந்த எரிச்சலை ஆற்றியது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாலு பெஞ்சு போட்ட மெஸ். குழம்பு முந்தின நாள் வைத்தது. புளி இறங்கி, எண்ணெய் ஓரமாக ஒதுங்கி நின்றது. "இன்னும் ஒரு கரண்டி போடவா தம்பி?" என்று கேட்காமலே ஊற்றினார் பரிமாறிய அக்கா. 160 ரூபாய். தஞ்சாவூரில் இதே துண்டு 300க்குக் குறையாது.

ராத்திரி எட்டரைக்கு லாட்ஜ் பையனிடம் 100 ரூபாய்க்குச் சைக்கிள் வாங்கிக்கொண்டு அகஸ்தியம்பள்ளி பக்கம் மிதித்தேன். 1930இல் ராஜாஜி உப்புச் சத்தியாக்கிரகம் நடத்திய இடம். உப்பு எடுக்கிற பருவம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. பாத்திகளில் மழைத்தண்ணீர் அசையாமல் கிடந்தது. கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிஷம் செல்போனைத் தொடாமல் வரப்பில் உட்கார்ந்தேன். பிறகு பார்த்தால், வேட்டைக்காரன் என்கிற ஓரியன் கூட்டத்தின் இடுப்பு மூன்று நட்சத்திரமும் மேலேயும் இருந்தன, காலடிப் பாத்தியிலும் இருந்தன! தஞ்சாவூர் மாடியில் ஆறாமீனில், அதாவது கார்த்திகைக் கூட்டத்தில், நாலுதான் தெரியும், இங்கே ஏழு எண்ணினேன். திருவாதிரையின் சிவப்பு பளிச்சென்று இருந்தது. பத்தரை மணிக்கு நேர் தெற்கில் அகத்தியர் நட்சத்திரம். அகத்தியர் பெயரிலுள்ள ஊரின் உப்பளத்துக்கு மேலே அது நின்றதைப் பார்த்து, ஆள் இல்லாத இடத்தில் சத்தமாகவே "அடேயப்பா" என்றேன்.

மீட்டர் எண் காட்டவே நேரம் எடுத்தது. இருட்டு கூடக் கூட அதற்கு அவகாசம் வேண்டும். அதன் கண்ணாடியில் பனி படிந்ததை வேட்டியால் ஒற்றிவிட்டு ஐந்து தடவை அழுத்தினேன். 21.1. எங்கள் மாடி வானம் இதைவிட 12 மடங்கு வெளிச்சம்.

சாட்டிலைட் படத்திலேயே இந்த மூலை கறுப்பாகத்தானே தெரிகிறது, நேரில் போய் அளப்பானேன் என்று வீட்டில் கேட்டார்கள். சுவோமி என்பிபி சாட்டிலைட் 2011இலிருந்து ராத்திரி ஒன்றரை மணி வாக்கில் நம் தலைக்கு மேலே போகிறது. ஆனால் அதன் கண்ணுக்கு நீல ஒளி தெரியாது. எல்ஈடி வெள்ளையில் நீலம் நிறைய. தெருவில் மஞ்சள் சோடியம் விளக்கைக் கழற்றி எல்ஈடி மாட்டினால், நமக்கு வானம் வெளுத்துக்கொண்டே போகும்போது படத்தில் ஊர் மங்கியதாகக்கூட வரலாம். அதனால்தான் மனுசக் கண்ணால் பார்த்த கணக்கு வேண்டும். 'குளோப் அட் நைட்' என்ற சர்வதேசத் திட்டத்தில் 2006 முதல் அதைச் சேர்க்கிறார்கள். மீட்டர்கூடக் கட்டாயமில்லை, எந்த நட்சத்திரம் வரை தெரிகிறது என்று அவர்கள் தரும் படத்தோடு ஒப்பிட்டுச் சொன்னால் போதும். இப்படி வந்த 51,000க்கும் மேற்பட்ட பதிவுகளை வைத்து 2023இல் ஒரு ஆய்வு வந்தது. 2011 முதல் 2022 வரை வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் கூடியிருக்கிறது. ஆனால் பதிவுகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் அனுப்பியவை. காவிரி டெல்டாவிலிருந்தும் போகட்டும் என்று என்னுடைய 21.1ஐ அன்று ராத்திரியே அனுப்பினேன்.

விடியுமுன் பஸ்ஸில் திரும்பும்போது மன்னார்குடி தாண்டி ஒரு நெல் கொள்முதல் நிலையம். மூட்டைக்குக் காவலாக விளக்கு வேண்டும், நியாயம்தான். அந்த விளக்கு பாதி வானத்தைப் பார்த்து எரிந்தது. மூட்டைப் பக்கம் ஒரு சாண் சாய்த்தால் காவலும் நடக்கும், வானமும் தப்பிக்கும், காசும் செலவில்லை.

பஸ் 230, ஆட்டோ 700, இரண்டு ராத்திரி லாட்ஜ் 1,200, சைக்கிள் 100, சாப்பாடு 520. மொத்தம் 2,750 ரூபாய். அந்த ஆட்டோ மட்டும் இல்லையென்றால் கையைக் கடித்திருக்காது. மாசி அமாவாசைக்கு முத்துப்பேட்டை போகிறேன், இந்தத் தடவை என் சைக்கிளை பஸ் மேலே ஏற்றிக்கொண்டு. மீட்டரை அதுவரை வைத்துக்கொள்ள நண்பர் சரி என்றுவிட்டார்.