ஹார்ட்விக் ஹால் அட்டை மாதிரி: மேற்கு முகப்பு எழுந்து நின்றுவிட்டது

இங்கிலாந்தில் டெர்பிஷையரில் இருக்கும் ஹார்ட்விக் ஹால் என்ற பழைய மாளிகையை 1:200 அளவில் அட்டையில் செய்துகொண்டிருக்கிறேன். அடித்தளமும் வாசல் இருக்கும் மேற்கு முகப்பும் முடிந்தன. மேல்மாடியில் கிழக்குப் பக்கம் முழுக்க ஓடும் நீள்கூடம் அசலில் ஏறத்தாழ 50 மீட்டர். என் மேஜையில் 25 செ.மீ.

ஷ்ரூஸ்பரி சீமாட்டி எலிசபெத், ஊர்வாயில் பெஸ், 1590இல் வேலையை ஆரம்பித்து 1597இல் குடிபுகுந்த மாளிகை இது. வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்மித்சன் என்ற கல்தச்சர் என்பது பொதுவான கருத்து. வீட்டில் சுவரைவிடக் கண்ணாடிதான் அதிகம் என்று அந்த நாட்டில் ஒரு சொலவடையே உண்டு. கண்ணாடி யானைவிலை விற்ற காலம், அம்மாளுக்குச் சொந்தமாகவே கண்ணாடிப் பட்டறை இருந்தது.

அந்தச் சொலவடை எவ்வளவு நிஜம் என்பது ஜன்னல்களை வெட்டும்போதுதான் உறைத்தது. முதலில் 1 மி.மீ. அட்டையில் ஒரு துண்டு மட்டும் வெட்டிப் பார்த்தேன். ஜன்னல் போக மிஞ்சியது வெறும் சட்டம்தான். கையில் எடுத்தாலே நெளிந்தது. அப்படியானால் அசல் கட்டடம் எப்படி நிற்கிறது? புகைபோக்கிகளை வெளிச்சுவரில் வைக்காமல் உட்சுவர்களுக்குள் ஏற்றிவிட்டார்கள். கணப்பும் புகைக்குழாயும் இல்லாததால் வெளிச்சுவரில் பெரிய ஜன்னல்களுக்குத் தாராளமாக இடம் கிடைத்தது, வலுவும் குறையவில்லை. நானும் அதே வழிக்கு வந்தேன். 2 மி.மீ. அட்டையில் உட்சுவர்களை முதலில் நிறுத்தி, ஃபெவிகால் நன்றாகக் காய்ந்த பிறகு முகப்பை அதில் சாய்த்து ஒட்டினேன். இப்போது அசையவில்லை.

கண்ணாடிக்கு ஓஎச்பி ஷீட், அதாவது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள். அசலில் சிறு சிறு கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டைகளால் கோத்திருப்பார்கள். அதற்கு 0.1 மி.மீ. பேனாவால் கோடு போட்டேன், கண் வலிக்கும் வேலை. ஜன்னலைப் பிரிக்கும் கல் சட்டங்களுக்கு விசிட்டிங் கார்டைச் சீவி ஒட்டினேன். கல் நிறத்துக்கு மஞ்சளோடு கொஞ்சம் சாம்பல், துளி பழுப்பு. பக்கத்திலேயே வெட்டியெடுத்த மணற்கல் அது, சுத்த மஞ்சள் அடித்தால் பொம்மைவீடு ஆகிவிடும்.

மாடிகளின் உயரத்தைச் சமமாக வைக்கக் கூடாது. மேலே போகப் போக மாடி உயரமாகிறது, ஜன்னலும் கூடவே வளர்கிறது. வேலையாட்கள் புழங்கியது தரைத்தளம், விருந்தினரை வரவேற்கும் பெரிய கூடங்கள் இரண்டாம் மாடியில். அந்தஸ்து படியேறிப் போயிருக்கிறது! பார்க்க வீடு தலைகனத்துத் தெரியும் என்று நினைத்தேன், அப்படியில்லை.

அடுத்து ஆறு கோபுரங்கள். நீளப் பக்கங்களில் இரண்டிரண்டு, குறுகிய பக்கங்களில் ஒவ்வொன்று. உச்சியில் கைப்பிடிச் சுவருக்குப் பதில் கிரீடத்தோடு ‘இ’, ‘எஸ்’ என்ற ஆங்கில எழுத்துகள், எலிசபெத் ஷ்ரூஸ்பரி. வீட்டுக்காரியின் கையெழுத்தை வானத்தில் போட்டது மாதிரி. எழுத்துக்கு நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும் என்பதால் பிளேடால் வெட்டினால் சரிவராது. லேசர் கட்டிங் செய்து தரும் கடையில் ஒரு மாதிரித் துண்டு கொடுத்திருக்கிறேன்.