அவர்கள் நடுவிலே

எருசலேமுக்குப் புறப்பட்ட அன்று அம்மா என் கையில் ஒரு துண்டுச் சீட்டைத் திணித்தார்கள். பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. இடது கையால் எழுதியது. எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. "மேற்குச் சுவர்ல வச்சிரும்மா" என்றார்கள். யூதர்கள் ஜெபிக்கும் பழங்காலச் சுவர் அது. வேண்டுதலை எழுதி அதன் கல்லிடுக்கில் செருகுவது வழக்கம்.

நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம். பொழுது சாய்ந்தால் யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கிவிடும். அப்புறம் யாரும் பேனாவைத் தொடமாட்டார்கள். அதனால் பெண்கள் பகுதியில் ஒரே நெரிசல். ஆண்களுக்கு விட்டிருக்கும் இடத்தைவிட அது சிறியது. நாற்காலியை மேசையாக்கி மண்டியிட்டு அவசர அவசரமாக எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கூட்டத்தோடு நகர்ந்து சுவரைத் தொட்டேன். ஒவ்வொரு கல்லிலும் நான்கு ஓரமும் சட்டம் போட்டதுபோலச் செதுக்கியிருக்கிறது. ஏரோது ராஜா காலத்து வேலை. கைக்கு எட்டுகிற உயரம்வரை கல் அம்மிபோல வழவழத்துப் போயிருக்கிறது. எத்தனை தலைமுறையின் உள்ளங்கையும் உதடும் பட்டதோ! அதற்கு மேலே இடுக்குகளில் செடிகள் தொங்குகின்றன.

இதை யூதர்களின் பழைய ஆலயத்தின் சுவர் என்றே நினைத்திருந்தேன். இல்லை. ஆலயம் நின்ற மேட்டைத் தாங்க எழுப்பிய தாங்குசுவர்தான் இது. ஆலயத்தை கி.பி. 70இல் ரோமர்கள் எரித்துவிட்டார்கள். அப்படியென்றால் இத்தனை பேர் எதன்மேல் நெற்றியைச் சாய்த்து அழுகிறார்கள்?

யூதர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ஷெகினா, மனிதர் நடுவே தங்கும் கடவுளின் பிரசன்னம். தங்குதல், குடியிருத்தல் என்ற எபிரேய வேர்ச்சொல்லிலிருந்து வந்தது, இலக்கணப்படி பெண்பால். பாலைவனத்தில் அவர்கள் சுமந்து திரிந்த வழிபாட்டுக் கூடாரத்துக்கும் அதே வேரிலிருந்துதான் மிஷ்கான் என்று பெயர். "அவர்கள் நடுவிலே நான் வாசம்பண்ண எனக்கு ஒரு பரிசுத்த ஸ்தலத்தை உண்டாக்குவார்களாக" என்கிறது பைபிளின் யாத்திராகமம். சின்ன வயதிலிருந்து கேட்ட வசனம். கட்டச் சொன்னது ஸ்தலத்தை; வாசம்பண்ணுவதோ 'அதிலே' அல்ல, 'அவர்கள் நடுவிலே'. இதை நான் கவனித்ததே இல்லை.

ஷெகினா மேற்குச் சுவரைவிட்டு ஒருநாளும் அகன்றதில்லை என்று அவர்களின் முன்னோர் சொல்லியிருக்கிறார்கள். இஸ்ரவேலர் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனபோது ஷெகினாவும் கூடவே போனது என்றும் சொல்லியிருக்கிறார்கள். இங்கேயும் இருக்கிறது, அங்கேயும் போனது. எதையும் அவர்கள் விட்டுவிடவில்லை. தாய் அப்படித்தானே? வீட்டிலும் இருப்பாள், பிள்ளை போன ஊரிலும் இருப்பாள்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஒரு யூத அம்மா. சீட்டைப் பிரிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்ற என்னிடம், யாருக்காக என்று கேட்டார். சொன்னேன். "நோயாளியின் தலைமாட்டில் ஷெகினா இருக்கிறது என்று எங்கள் முன்னோரின் போதனை நூலான தல்மூத் சொல்கிறது. அதனால்தான் பார்க்கப் போகிறவர்கள் கட்டிலில் உட்காரக் கூடாது, கீழே உட்கார வேண்டும் என்றார்கள்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அம்மாவின் கட்டில் தலைமாட்டில் எத்தனை இரவு தூங்கி வழிந்திருக்கிறேன்!

ஏற்கெனவே நிறைந்திருந்த ஓர் இடுக்கில் சீட்டைச் செருகினேன். வருஷத்துக்கு இரண்டு முறை, பஸ்கா பண்டிகைக்கும் யூதப் புத்தாண்டுக்கும் முன்னால், எல்லாச் சீட்டுகளையும் எடுத்து ஒலிவமலையில் புதைப்பார்களாம். எரிப்பதில்லை.

பொழுது சாய்ந்தது. இளம்பெண்கள் கைகோத்து வட்டமாக நின்று பாடி ஓய்வுநாளை வரவேற்றார்கள். பக்கத்தில் நின்ற பாட்டி ஜெபத்தை முடித்து, சுவருக்கு முதுகைக் காட்டாமல் பின்னாலேயே அடிவைத்து நடந்தார். நானும் அப்படியே நடந்தேன்.

மறுநாள் காலை வீட்டுக்கு வீடியோவில் கூப்பிட்டேன். தங்கச்சி போனைத் திருப்பிக் காட்டினாள். அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்கள். "எங்க உட்கார்ந்திருக்க?" என்று கேட்டேன். "தரையிலதான்க்கா, தலைமாட்டுல" என்றாள்.