விரல் எலும்பு முறிந்தால்: கட்டா, கம்பியா?

எக்ஸ்ரேயைப் பார்ப்பதற்கு முன் விரல்களை மெதுவாக மடக்கிப் பார்க்க வேண்டும். நான்கு விரல் நுனிகளும் கட்டைவிரலின் அடிப்பக்கத்தை நோக்கிச் சாய்ந்தால் நல்லது. ஒன்று மட்டும் பக்கத்து விரல்மேல் ஏறினால், உள்ளே எலும்பு திருகியிருக்கிறது. படத்தில் இது எளிதில் பிடிபடாது, தானாகவும் சரியாகாது. உள்ளங்கை எலும்பில் 5 டிகிரி திருகினாலே விரல் நுனி சுமார் 1.5 செ.மீ. விலகிவிடும். அறுவை சிகிச்சைக்கு விரிசலின் நீளத்தைவிட இதுதான் வலுவான காரணம். தோல் கிழிந்த முறிவு, மூட்டுப் பரப்பு படிபோல ஏறி இறங்கிய முறிவு, சாய்வாக உடைந்து வழுக்கும் முறிவு ஆகியவையும் பெரும்பாலும் அதே பக்கம்தான்.

விலகாத முறிவுக்குப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டினாலே பெரும்பாலும் போதும். இடையில் காஸ் துணி வைக்காவிட்டால் வியர்வையில் தோல் ஊறிப் புண்ணாகும். டேப்பை மூட்டுகளின் மேல் ஒட்டாமல், இடைப்பட்ட இடங்களில் ஒட்ட வேண்டும். அப்போதுதான் விரல் மடங்கும். மாவுக்கட்டு போட்டால், விரல் உள்ளங்கையோடு சேரும் அடிமூட்டு 70 முதல் 90 டிகிரி மடங்கியும், மேல் இரண்டு மூட்டுகள் நேராகவும் இருக்க வேண்டும். கையை மொத்தமாக நீட்டிப் பலகைபோலக் கட்டினால் அடிமூட்டின் இருபக்கமும் எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் சுருங்கி, பிறகு முஷ்டி பிடிக்க முடியாது. வீக்கம் வடிந்ததும் கட்டு தளர்ந்து எலும்பு நழுவலாம். அதனால் 7 முதல் 10 நாளில் இன்னொரு எக்ஸ்ரே அவசியம். இதைத் தவிர்ப்பவர்கள்தான் கோணலாகக் கூடிய விரலோடு திரும்பி வருகிறார்கள்.

கம்பி என்றால் பெரும்பாலும் சுமார் 1 மி.மீ. தடிமனுள்ள கே-ஒயர். தோல் வழியாகவே செருகி, 3 முதல் 4 வாரத்தில் உருவிவிடுவார்கள். கம்பி நுழைந்த இடத்தில் சீழ் பிடிக்கலாம், ஈரம் படக்கூடாது. பிளேட்டும் ஸ்குரூவும் உறுதியாகப் பிடிப்பதால் சில நாளிலேயே விரலை அசைக்கத் தொடங்கலாம். ஆனால் விரலில் நீட்டும் தசைநார் எலும்பை ஒட்டியே ஓடுகிறது. திறந்து தைத்த இடத்தில் அது ஒட்டிக்கொண்டால் விரல் விறைத்துவிடும். விடுவிக்க மறுபடி கத்தி வைக்க நேரலாம். பிளேட்தான் உசத்தி என்பதெல்லாம் பேச்சுக்குத்தான்.

நுனி மூட்டு தொங்கிப்போனால் கணக்கே வேறு. மூட்டு இடம் விலகாதவரை 6 முதல் 8 வாரம் இரவும் பகலும் ஸ்பிளிண்ட், அதாவது நுனியை நேராகப் பிடிக்கும் தாங்கி. கழுவும்போதுகூட நுனியை மேசைமேல் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஒருமுறை மடங்கினாலும் நாள்கணக்கு முதலிலிருந்து.

மற்ற முறிவுகளில் 4 வாரத்துக்குமேல் அசைக்காமல் வைப்பதே பெரிய தவறு. எக்ஸ்ரேயில் கோடு மறைய மாதக்கணக்காகும். அழுத்தினால் வலிக்கவில்லை என்றால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு மடக்கத் தொடங்கலாம்.